சினைப்பைக் கட்டியும் பெண்களின் வலியும் – ஒரு சரித்திரப் பார்வை

சென்ற ஆண்டு மலரில் வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த ஆண்டு பெண்களின் சினைப்பையில் வரும் கட்டியைப் பற்றியும் வலியைப் பற்றியும் எழுத முன்வந்தது அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பாத்திர வியாபாரி; மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் ராஜாக்கள் இல்லை, போர் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களும், அவர்கள் சொன்னதை நம்பியவர்களும் நம்பாதவர்களும்தான் இருக்கிறார்கள். நான்கு வருஷமாகக் கிடைத்த நேரத்தில் படித்துச் சேர்த்ததை இங்கே தருகிறேன். நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்தே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ஓவரி என்பதை நம் பாடநூல்கள் சூலகம், அண்டகம் என்று எழுதின. பத்திரிகைகள் சினைப்பை என்கின்றன. கருமுட்டைப்பை என்றும் சொல்வதுண்டு. ஊரில் எந்தப் பெயரும் கிடையாது. எல்லாமே 'கர்ப்பப்பைக் கட்டி'தான். கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பு அளவில், சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்தில் இருப்பவை சினைப்பைகள். மாதம் ஒரு முட்டையை வெளியிடுவதும், பெண்ணுடம்பை நடத்தும் சுரப்புகளைச் சுரப்பதும் அவற்றின் வேலை.

சூல் என்றால் கரு. சூலை என்றால் குத்துவலி. ஒலி ஒன்றுபோல இருந்தாலும் முன்னது தமிழ்ச் சொல், பின்னது சூலம் என்ற வடசொல் வழி வந்தது. சூலை என்றதும் எல்லோருக்கும் அப்பர் நினைவுக்கு வருவார். அந்தக் கதையைச் சமணர் வீடுகளில் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்வார்கள். அது வேறு சமாச்சாரம், இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டு நூல்களில் இந்த நோய்க்கு மிகப் பழைய தடயம் சரக சம்ஹிதையில் இருக்கிறது. வயிற்றில் திரண்டு நிற்கும் கட்டியைக் குல்மம் என்கிறது அந்த நூல். நம் சித்த வைத்தியர்கள் குன்மம் என்பது அதே சொல்தான். குல்மத்தில் ஐந்து வகை சொல்லி, அவற்றில் ரத்த குல்மம் என்ற வகை பெண்களுக்கு மட்டுமே வரும் என்கிறது. தீட்டு நிற்கும், வயிறு வளரும், மசக்கை மாதிரியான குறிகள் தோன்றும், பார்ப்பவர்கள் கர்ப்பம் என்றே நினைப்பார்கள். வேறுபாடு ஒன்று சொல்கிறது. வயிற்றுப்பிள்ளை கை கால் அசைக்கும். குல்மம் மொத்தமாகத் திரண்டுதான் துடிக்கும். இதற்கு வைத்தியம் பத்து மாதம் கழிந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்பது விதி. ஏன்? உள்ளே இருப்பது குழந்தையாகவே இருந்துவிட்டால்? மருந்து கொடுத்து ஓர் உயிரைப் போக்கிவிடக் கூடாதே என்ற அச்சம். சரகர் சொன்னது சினைப்பைக் கட்டிதான் என்று நான் வாதாட வரவில்லை; உறுப்பின் பெயரை அவர் குறிக்கவில்லை. ஆனால் வயிற்றைத் திறக்காமல், வெளியிலிருந்தே கட்டியா கருவா என்று தெரிந்துகொள்ள வேண்டிய சங்கடம் அங்கேயே பதிவாகிவிட்டது. பொறுத்திருந்து பார் என்பதே அப்போது முடிந்த ஒரே சோதனை.

இந்தப் பத்து மாதக் கணக்கு எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. என் பெரியம்மாவுக்கு 1960களில் வயிறு வளர ஆரம்பித்தது. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாதவர். தெருவே மகிழ்ந்தது. வளைகாப்புக்குப் புடவை கூட எடுத்தாகிவிட்டது. ஒன்பது போய், பத்து போய், பதினொன்றும் நடக்கையில்தான் வேலூருக்கு மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாக அழைத்துப் போனார்கள். பெரிய பூசணிக்காய் அளவு நீர்க்கட்டி. எடுத்துப் போட்டார்கள். அதன் பிறகு 40 வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்தப் புடவையைக் கடைசி வரைக்கும் கட்டவில்லை.

பெரியம்மாவின் கதையை அப்படியே 150 வருஷம் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் வைத்துப் பார்த்தால் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற அம்மாளின் கதை. உலகத்தில் முதன்முதலாகச் சினைப்பைக் கட்டியை வயிற்றைத் திறந்து முழுதாக வெளியே எடுத்ததும், அந்தப் பெண் பிழைத்து எழுந்ததும் பதிவான நிகழ்ச்சி இதுதான்.

1809 டிசம்பர். அந்த அம்மாளுக்கு வயது 46ஐ ஒட்டி. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர். வயிறு பெருத்து, நாள் கடந்தும் பிரசவமாகவில்லை. இரட்டைக் குழந்தை என்று உள்ளூர் வைத்தியர்கள் முடிவு கட்டி, பிரசவம் பார்க்க டான்வில் ஊரிலிருந்து எஃப்ரெய்ம் மெக்டோவல் என்ற சர்ஜனை வரவழைத்தார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் போய்ப் படித்தவர். பட்டம் வாங்காமலே திரும்பியவர். சோதித்துப் பார்த்து, இது கர்ப்பமில்லை, சினைப்பைக் கட்டி என்று சொன்னார். அதோடு நிற்கவில்லை. இதை எடுத்து யாரும் பிழைத்ததாகத் தாம் அறிந்ததில்லை, ஆபத்து மிகப் பெரிது, ஆனாலும் டான்வில்லுக்கு வந்தால் முயன்று பார்க்கத் தயார் என்று உள்ளதை உள்ளபடியே அந்த அம்மாளிடம் சொன்னார். நான் படித்த வரையில் இந்தச் சரித்திரத்தில் ஒரு நோயாளியிடம் இவ்வளவு நேராகப் பேசியவர்கள் குறைவு.

டான்வில் 60 மைல். கடும் குளிர்காலம். அந்த அம்மாள் குதிரையில் வந்தார். வயிற்றுக் கட்டியைச் சேணத்தின் முன்கொம்பில் சாய்த்துக்கொண்டே வந்ததில் வயிற்றில் கன்றிப் போன காயம் இருந்ததாக மெக்டோவலே எழுதியிருக்கிறார்.

ஆபரேஷன் கிறிஸ்துமஸ் நாளில் நடந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். மயக்க மருந்து கிடையாது. ஈதர் வந்தது 1846இல். கிருமி என்ற எண்ணமே கிடையாது. லிஸ்டர் எழுதியது 1867இல். இடது பக்கம் 9 அங்குல நீளத்துக்குக் கீறினார். குடல் சரிந்து மேஜை மேல் விழுந்துவிட்டது. வேலை முடியும் வரை உள்ளே தள்ள முடியவில்லை. கட்டி பெரிதாக இருந்ததால் முதலில் அதைத் திறந்து 15 பவுண்டு பசை போன்ற திரவத்தை வெளியேற்றி, பிறகு ஏழரை பவுண்டுப் பையை அறுத்தெடுத்தார். கூட்டிப் பார்த்தால் நம் கணக்கில் 10 கிலோவுக்கும் கொஞ்சம் மேல். எல்லாம் 25 நிமிஷத்தில். அந்த அம்மாள் பாதி நேரம் சங்கீதப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது கேள்வி. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தால் எழுந்து நின்று தம் படுக்கையைத் தாமே விரித்துக்கொண்டிருக்கிறார்! டாக்டர் கடிந்துகொண்டாராம். 25 நாளில் வீடு திரும்பினார். 1842இல் 78 வயதில்தான் காலமானார்.

ஆபரேஷன் நடக்கும்போது வெளியே ஊரார் கயிற்றோடு கூடி, அவள் செத்தால் டாக்டரைத் தூக்கிலிடக் காத்திருந்தார்கள் என்று பின்னாளில் எழுதினார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பெரிய மனிதர் கதைகளில் இப்படி ஒரு கயிறு எப்படியும் வந்துவிடும்.

கயிற்றைவிட முக்கியமான ஒன்றைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. மெக்டோவல் 1817இல்தான் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். அதில் மொத்தம் மூன்று பெண்கள். முதலாமவர் கிராஃபோர்ட் அம்மாள், பெயர் இருக்கிறது. அடுத்த இருவரும் கறுப்பினப் பெண்கள், பெயர் இல்லை. அந்தக் காலக் கென்டக்கியில் அடிமை முறை நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். கிராஃபோர்ட் அம்மாளிடம் ஆபத்தை விளக்கிச் சம்மதம் கேட்டார். விலைக்கு வாங்கப்பட்ட ஒருத்தியின் சம்மதம் யாரிடம் கேட்கப்பட்டிருக்கும்? லண்டன் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் முதலில் இந்த அறிக்கையையே நம்பாமல் கேலி செய்தார். கறுப்பினப் பெண்களை விலங்குகளோடு ஒப்பிட்டும் எழுதினார். பின்னர் நம்பாததற்காக மன்னிப்புக் கேட்டார். விலங்கோடு ஒப்பிட்டதற்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்குப் பிறகும் 50 வருஷம் பெரும்பாலான சர்ஜன்கள் வயிற்றைத் திறக்கத் துணியவில்லை. ஊசிக்குழல் சொருகி நீரை வடிப்பார்கள், மறுபடி நிறையும், மறுபடி வடிப்பார்கள். துணிந்தவர்களுக்கு 'வயிறு கிழிப்பவர்கள்' என்று பட்டம். மான்செஸ்டரில் சார்ல்ஸ் கிளே 1842இல் தொடங்கினார். லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் 1858இல் முதல் வெற்றி கண்டார். இந்த வெல்ஸ் எனக்குப் பிடித்தவர்; காரணம் அவருடைய கணக்கு. கடை வைத்திருப்பவனுக்குத் தெரியும், நஷ்டத்தை எழுதாத பேரேடு பேரேடே அல்ல. மற்ற சர்ஜன்கள் பிழைத்தவர்களை மட்டும் பிரசுரித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஒவ்வொரு பெண்ணையும், செத்தவர்கள் உட்பட, வரிசை எண்ணோடு எழுதி வெளியிட்டார். முதல் நூறு பேரில் 34 பேர் இறந்தார்கள். 1880இல் ஆயிரத்தை எட்டியபோது கடைசி நூறில் 11 பேர். அந்தப் பேரேடு இருந்ததால்தான் மற்றவர்களும் நம்பினார்கள். இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் ரத்தக்குழாயைப் பிடிக்கிற ஓர் இடுக்கிக்கு ஸ்பென்சர் வெல்ஸ் என்றே பெயர். வயிற்றுக்குள் செய்யும் மற்ற எல்லா ஆபரேஷன்களுக்கும் வழி திறந்தது இந்தச் சினைப்பைக் கட்டிதான்.

இதுவரைக்கும் நல்ல கதை. ஆனால் ஆபரேஷனில் பயம் குறைந்தவுடனே இன்னொரு முகம் வந்தது. கட்டியே இல்லாத சினைப்பைகளையும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

1872 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ரோம் என்ற சிற்றூரில் ராபர்ட் பேட்டி என்ற சர்ஜன், வலிப்பும் மாதவிடாய்க் கோளாறும் இருந்த 30 வயதுப் பெண்ணின் சினைப்பைகளை எடுத்தார். தீட்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் மற்ற உபாதையும் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அதே வருஷம் ஜெர்மனியில் ஹேகாரும் இங்கிலாந்தில் லாசன் டெய்ட்டும் இதே மாதிரி செய்தார்கள். அப்புறம் தடுப்பாரில்லை. வலி, வலிப்பு, மனச்சோர்வு, கோபம், ஹிஸ்டீரியா என்று எதற்கும் சினைப்பையே குற்றவாளி. பாரிஸில் ஷார்க்கோ என்ற பேர்பெற்ற நரம்பு வைத்தியர் ஹிஸ்டீரியாவை அடக்க, அடிவயிற்றில் சினைப்பை இருக்கும் இடத்தைத் திருகு வைத்து அழுத்தும் கருவி ஒன்றையே உபயோகித்தார். வெட்டியெடுத்த சினைப்பைகளில் பல நல்ல நிலையில் இருந்தவை.

கிராஃபோர்ட் அம்மாள் தலைமுறைக்கு, கட்டி கையில் தட்டுப்பட்டும் எடுக்க ஆளில்லை. அவர் பேத்தி தலைமுறைக்கு, ஒன்றுமே இல்லாமலும் எடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எனக்குப் படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை; பார்க்க முடியாத இடத்தைப் பற்றி அந்தப் பெண் சொல்வதைக் கேட்கும் பழக்கமும் இல்லை.

இப்படிச் சினைப்பையை இழந்த பெண்களுக்கு உடம்பு எரிச்சலும் வறட்சியும் வந்ததைக் கவனித்துத்தான், இந்த உறுப்பு முட்டை மட்டும் தருவதில்லை, ஏதோ சுரக்கவும் செய்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டது. வியன்னாவில் எமில் க்னாவர் 1896இல் முயல்களுக்குச் சினைப்பையை வேறிடத்தில் ஒட்டவைத்துச் சோதித்தார். முயலை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் நடந்ததை எழுதத்தானே வேண்டும். 1923இல் ஆலனும் டாய்சியும் அந்தச் சுரப்பைப் பிரித்துக் காட்டினார்கள். அதுதான் ஈஸ்ட்ரோஜன்.

இதே காலத்தில் நம் சென்னையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த மலருக்கு நியாயமாகாது. 1866இல் பாரிஸ்டர் கணவரோடு மதராஸ் வந்தவர் மேரி ஷார்லீப். ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துப்போவதைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். 1878இல் தேறி, லண்டன் போய் 1882இல் பட்டம் வாங்கி, திரும்பி வந்து 1885இல் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, பிறகு கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. சென்னைக்காரர் பலர் பிறந்த இடமே அதுவாக இருக்கும். ஷார்லீப் அம்மையார் 1887இல் உடல்நலம் காரணமாக லண்டன் திரும்பி, அங்கே பெண்களுக்கான புது ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷனில் பேர்பெற்ற சர்ஜனாக விளங்கினார். பெண் சர்ஜன் வயிற்றைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு அவர் கையே பதில். அந்தக் கைக்கு முதல் பாடம் மதராஸில் கிடைத்தது.

இனி வலிக்கு வருகிறேன். கட்டி கண்ணுக்குத் தெரியும், வலி தெரியாது. அதனால் வலியின் சரித்திரம் மெதுவாகவே நகர்ந்தது. இரண்டு தீட்டுக்கு நடுவில், முட்டை வெளிப்படும் நாளில், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரம் வலிப்பது உண்டு. ஜெர்மன்காரர்கள் இதற்கு 'மிட்டல்ஷ்மெர்ட்ஸ்', அதாவது நடுவலி, என்று பேர் வைத்தார்கள். இது நோயல்ல. முட்டை இருக்கும் சிறு நீர்ப்பை உடையாமல் தங்கிப் பெருத்தால் நீர்க்கட்டி. இளவயதுப் பெண்களுக்கு வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதத்தில் தாமே வற்றிவிடுகின்றன. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் வீடே கலங்குவதும், உடனே எடுத்தாக வேண்டும் என்று அவசரப்படுவதும் தேவையில்லாதவை. தீட்டு நின்ற பிறகு கட்டி வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. தலைமுடியும் பல்லும் உள்ள டெர்மாய்டு என்ற கட்டியும் உண்டு. எல்லாத் திசுவாகவும் மாறக்கூடிய முட்டையணுவிலிருந்து அது வளர்வதால்தான் முடியும் பல்லும். ஊரில் இதைச் செய்வினை என்று சொல்லி மாந்திரீகனுக்குக் காசு அழுதவர்கள் உண்டு.

கட்டியோடு சினைப்பை காம்பில் முறுக்கிக்கொண்டால் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். அது மட்டும் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கக் கூடாத விஷயம். ரத்த ஓட்டம் நின்று சினைப்பையே போய்விடும். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாதாமாதம் வந்து வருஷக்கணக்கில் வாட்டும் வலிக்குக் காரணம் சொன்னவர் ஜான் சாம்ப்சன். நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் இருந்தவர். சினைப்பையில் பழைய ரத்தம் கெட்டிப்பட்டு, உருக்கிய சாக்லேட் மாதிரி இருக்கும் கட்டிகளை 1921இல் விவரித்தார். கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு இடம் மாறி வளர்ந்து, தீட்டு சமயத்தில் அங்கேயும் கசிவதுதான் இது. எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் அவரால் நிலைத்தது. 'சாக்லேட் சிஸ்ட்' என்று இன்றைக்கும் நம் பெண்கள் ரிப்போர்ட்டில் பார்க்கும் சொல் அங்கிருந்து வந்தது. இன்னொன்று, இன்றைக்கு வீட்டுக்கு வீடு பேசப்படும் பிசிஓஎஸ். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இருவர் ஏழு பெண்களை வைத்து விவரித்தது. அதில் காணப்படும் சிறு சிறு நீர்ப்பைகள் முதிராத முட்டைப்பைகளே. வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. பேரில் சிஸ்ட் இருப்பதால் வந்த குழப்பம்.

சரகர் காலம் முதல் இருந்த கேள்விக்கு விடை ஒரு பாய்லர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. திருச்சி பெல்லில் வேலை பார்த்த அன்பர்களுக்கு இது உடனே விளங்கும். பாய்லரின் வெல்டிங்கில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியை அளப்பார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேறுகாலப் பேராசிரியர் இயன் டொனால்ட், போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்து ரேடார் பழகியவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கணவர் ரென்ஃப்ரூவில் பாப்காக் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனியில் டைரக்டர். 1955 ஜூலை 21 அன்று, ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். கெட்டியான கட்டியின் எதிரொலி ஒரு மாதிரி, நீர் நிறைந்த கட்டியின் எதிரொலி வேறு மாதிரி.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினியரும் ஜான் மக்விகார் என்ற டாக்டரும் சேர்ந்தார்கள். அப்போது அவர்களிடம் வந்த ஒரு பெண்மணிக்கு வயிறு பெருத்து, இரைப்பைப் புற்று முற்றி நீர் கோத்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவாகியிருந்தது. கருவியை வைத்துப் பார்த்தார்கள். எதிரொலி, பரவிய நீர் என்று சொல்லவில்லை. ஒரு மாபெரும் நீர்க்கட்டி என்றது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7 அன்று 'லான்செட்' இதழில் வந்த இவர்கள் கட்டுரையிலிருந்துதான் நாம் ஸ்கேன் என்று சொல்லும் எல்லாமே மருத்துவமனைக்குள் நடந்து வந்தது என்று சொல்லலாம்.

அந்தக் கட்டுரைக்கு ஏழு வாரம் முன்பு, ஏப்ரல் 16 அன்று, லண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 37 வயதில் சினைப்பைப் புற்றால் இறந்தார். உயிரணுவின் டிஎன்ஏ அமைப்பை அறிய உதவிய எக்ஸ்ரே படங்களை எடுத்த விஞ்ஞானி. 1956 கோடையில் அமெரிக்கப் பயணத்தில் இருந்தபோது, பாவாடையின் ஜிப்பைப் போட முடியாமல் வயிறு உப்பியதைத்தான் முதலில் கவனித்தார். ஊர் திரும்பியதும் டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, கர்ப்பமா? இரட்டைப் பிள்ளை என்று கிராஃபோர்ட் அம்மாளுக்குச் சொல்லி அப்போது 147 வருஷம் ஆகியிருந்தது.

ஸ்கேன் கருவி நம் நாட்டுக்கு வந்தபின் நடந்ததை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண்ணின் வயிற்றில் நோயைப் பார்க்க வந்த கருவியைக் கொண்டு, வயிற்றில் இருப்பது பெண்ணா என்று பார்த்துக் கலைத்தார்கள். 1994இல் அதைத் தடுக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை அந்தச் சட்டத்தால் வந்தது. பத்து மாதம் காத்திரு என்று சொன்ன சரகரின் நாட்டில் இப்படி.

1994இல் வேறொன்றும் நடந்தது. பிஆர்சிஏ1 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. அடுத்த வருஷமே இரண்டாவதும். இவற்றில் பழுது இருந்தால் மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம். அம்மா வழியில் மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பா வழியிலும் வரும். தாயைச் சினைப்பைப் புற்றுக்குப் பறிகொடுத்த ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தமக்கும் இந்தப் பழுது இருப்பது தெரிந்து 2015இல் சினைப்பைகளை எடுத்துக்கொண்டார். பேட்டி செய்ததும் இதே ஆபரேஷன். தெரிந்து, யோசித்து, அவரே முடிவு செய்தார் என்பதில்தான் 143 வருஷத்து வித்தியாசம் இருக்கிறது.

சினைப்பைப் புற்றை 'சத்தமில்லாமல் கொல்லும் நோய்' என்று புத்தகங்களில் எழுதி வந்தார்கள். சியாட்டிலில் பார்பரா காஃப் என்ற பெண் டாக்டர், அந்த நோய் கண்ட 1,725 பெண்களிடமே கேட்டு 2000இல் வெளியிட்டார். நூற்றுக்கு 95 பேர், கண்டுபிடிக்கும் முன்பே உபாதை இருந்தது என்றார்கள். வயிறு உப்பல், அடிவயிற்று வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர். அவர்கள் சொல்லியிருந்தார்கள், வாயு, வயசு, கவலை என்று பதில் கிடைத்திருந்தது. 2007இல் காஃப் ஒரு கணக்கும் தந்தார். உப்பல், வலி, சீக்கிரம் வயிறு நிறைதல் இவை புதிதாக ஆரம்பித்து ஒரு வருஷத்துக்குள் இருந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் சினைப்பையைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிகிற காரியம் இல்லை இது. இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருஷக்கணக்கில் பரிசோதித்து 2021இல் சொன்னார்கள்: உபாதை இல்லாத எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்வதால் சாவு குறையவில்லை. பணம் பிடுங்கும் 'பேக்கேஜ்' விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்கலாம்.

இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்கக் காரணம் என் மருமகள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நாக்பூர் வந்தது. ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. மாதாமாதம் வலி. என் வீட்டுக்காரியிடம் "வயித்து வலிங்க அத்தை" என்று சொல்லும். நம் பெண்கள் எல்லாவற்றையும் வயிற்றுவலி என்றுதானே சொல்கிறார்கள்? கூச்சம். அதை என் மகன் டாக்டரிடம் 'பேட் மே தர்த்' என்று மொழிபெயர்த்தான். பேட் என்றால் மேல் வயிறும்தான். அந்த டாக்டர் எந்த நாளில் வலி, எங்கே வலி என்று ஒரு கேள்வி கேட்காமல் இரண்டு வருஷம் கேஸ் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் வருஷம் வேறொரு லேடி டாக்டர், மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மருமகளின் கையையே எடுத்து வலிக்கிற இடத்தில் வைக்கச் சொன்னார். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சாக்லேட் கட்டி.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது கூடுதல் தொல்லை. வலியை ஒரு தரம் கூச்சம் மறைக்கிறது, இன்னொரு தரம் மொழிபெயர்க்கும் ஆம்பிளை மறைக்கிறான். எங்கள் ஔஷத தானக் கணக்கில் மருந்து மட்டுமே சேர்த்தி. வலிக்கிற இடத்துக்கு ஒரு சொல் கொடுப்பதையும் நான் அதில் சேர்த்துக்கொள்கிறேன். அடிவயிற்றுக்கு ஹிந்தியில் பேடூ. பேட் வேறு, பேடூ வேறு. குஜராத்தியிலும் பேடு. மராத்தியில் ஓட்டிபோட். வங்காளியில் தல்பேட். வலி வரும் நாள், தீட்டுக்கு எத்தனை நாள் முன்னே பின்னே, எந்தப் பக்கம் என்பதை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு போனால் பாதி மொழி அதுவே பேசிவிடும். ஒடியாவிலும் பஞ்சாபியிலும் உள்ள சொற்களை அங்கிருக்கும் சகோதரிகள் சங்க முகவரிக்கு எழுதியனுப்பினால் அடுத்த மலரில் சேர்த்துப் போட ஏற்பாடு செய்கிறேன்.